செய்தி எட்டிய கணம்

அண்டை வீடு விற்கப்படுங்கால், அதே விலைக்கு அதனைத் தாமே எடுத்துக்கொள்ளும் முன்னுரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'ஷுஃப்ஆ' என்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் இது கூட்டுச் சொத்தின் பங்காளிக்கு மட்டுமே உரியது; ஹனஃபீ மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் உண்டு. ஆயினும் ஹனஃபீ அறிஞர்கள் இதற்குக் கடுமையானதொரு நிபந்தனை விதித்தனர். விற்பனைச் செய்தி எட்டியதுமே உரிமை கோரிவிட வேண்டும். 'தலபுல் முவாஸபா', அதாவது துள்ளியெழுந்து கோருதல், என்பது அதன் பெயர். பின்னர்ச் சாட்சிகளை வைத்து மீண்டும் கோர வேண்டும். அறிந்தும் வாளாவிருந்தால் உரிமை போயிற்று.

அவ்வாறாயின், ஒருவர் எப்போது 'அறிந்தவர்' ஆகிறார்? ஃபர்கானாவின் மர்கீனானைச் சேர்ந்த இமாம் புர்ஹானுத்தீன் (மறைவு ஹிஜ்ரி 593, கி.பி. 1197) தமது ஹிதாயாவில் இதனை நுணுகி ஆராய்கிறார். இரண்டு ஆண்களோ, ஓர் ஆணும் இரு பெண்களுமோ, நேர்மையாளர் ஒருவரோ சொன்னால்தான் கோரும் கடமை தொடங்கும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்தம் மாணவர் இருவருமோ, செய்தி உண்மையாயின் அடிமையோ சிறுவனோ பெண்ணோ ஒருவர் சொன்னாலே போதும் என்றனர்.

செய்தி கடிதத்தில் வந்தால்? அது கடிதத்தின் தொடக்கத்திலோ நடுவிலோ இருக்க, இறுதிவரை படித்து முடித்தவர் உரிமையிழப்பார் என்றனர் பெரும்பாலோர். அந்த அமர்வு முடியும்வரை அவகாசம் உண்டென இமாம் முஹம்மத் (ரஹ்) வழியாக மற்றோர் அறிவிப்பும் உள்ளது. நமக்கு இதுவே மனத்துக்கு இசைவாகப் படுகிறது. கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுபவர் எத்தனை பேர்?

செய்தி கேட்டவர் முதலில் 'அல்ஹம்து லில்லாஹ்' என்று சொல்லிவிட்டால் உரிமை போகாது. தொல்லை தந்த அண்டை வீட்டார் ஒழிந்தமைக்கு அவர் இறைவனைப் புகழ்ந்திருக்கலாமல்லவா! இவ்விடத்தை ஓதிக்கொடுக்கையில் மாணவர் முகத்தில் புன்னகை அரும்புவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஆயிரம் திர்ஹம் விலை எனக் கேட்டு விட்டுக்கொடுத்தவர், பின்னர் விலை அதனினும் குறைவென அறிந்தால், அவர் விட்டுக்கொடுத்தது செல்லாது. வாங்கியவர் இன்னார் என்று கேட்டு விட்டுக்கொடுத்து, அவர் வேறொருவராக இருந்தாலும் அவ்வாறே. அண்டையில் வாழ்வோர் எல்லாரும் ஒரே தன்மையர் அல்லர்.

தாமதிப்பவரிடம் கடுமை, அறியாதவரிடம் பரிவு என்பதே இவ்விதிகளின் போக்கு. இன்று நம் நாட்டில் நடைமுறையிலுள்ள 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் வேறு வழியிற் செல்கிறது. வேண்டுமென்றே விசாரியாதிருந்தவரும் அறிந்தவராகவே கொள்ளப்படுவார். 1929-இன் திருத்தத்திற்குப் பின், பதிவு செய்யப்பட்ட பத்திரமே அச்சொத்தை வாங்குவோருக்கு அறிவிப்பாயிற்று. வாங்குவோருக்கு இது பாதுகாப்பானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காதுக்கு எட்டாததும் எட்டியதாகவே கொள்ளப்படும்.

ஹிதாயா, பாரசீக மொழிபெயர்ப்பின் வழியாக ஹாமில்டனால் ஆங்கிலமாக்கப்பட்டு 1791-இல் வெளிவந்தது. ஆங்கிலேய நீதிபதிகள் அதனைக் கையாண்டனர். எனினும் 1870-இல் சென்னை உயர் நீதிமன்றம், சொத்தை விற்கும் சுதந்திரத்தை ஷுஃப்ஆ கட்டுப்படுத்துகிறது என்று கூறி, நீதிக்கும் நல்மனச்சான்றுக்கும் ஒவ்வாததென அதனை ஏற்க மறுத்தது. 1885-இல் அலகாபாத்தில் நீதிபதி சையித் மஹ்மூத், அரபு மூலங்களையே ஆராய்ந்து, அவ்வுரிமையை நிலைநாட்டித் தீர்ப்பெழுதினார். சென்னையின் நிலைப்பாடு மாறவில்லை. நம் அரபுக் கல்லூரிகளில் அப்பாடம் இன்றும் ஓதப்படுகிறது.