கழனி போன பின் வந்த பங்கு

அம்பத்தூர்ப் பக்கத்துப் பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் நிலத்தின் அளவை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். தண்ணீருக்குத்தான் பக்கம் பக்கமாகப் போகும். எந்த மதகுத் தண்ணீர் எந்தக் கால் வழியாகப் பாய வேண்டும், பொதுக்கிணற்றில் மூத்தவனுக்கு எந்த நாள் முறை, களத்தில் யார் எந்த ஓரத்தில் போரடிப்பது, வைக்கோல் வண்டி யார் வரப்போரம் போவது, எல்லாம் இருக்கும். பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். மூலப்பத்திரம் பார்க்கிறேன் என்று இவற்றை எழுத்துக்கூட்டிப் படித்தே என் கண் மங்கியது.

இப்படிப் பங்கு வைக்கும் வழக்கம் வெள்ளைக்காரனுக்கு முந்தியது. 1763-ல் ஆற்காட்டு நவாப் கம்பெனிக்கு ஜாகீராக விட்ட சீமைதான் பிற்பாடு செங்கற்பட்டு ஜில்லா ஆனது. அம்பத்தூர் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அங்கே நிலம் மிராசு. ஊரையே இத்தனை பங்கு என்று வைத்திருப்பார்கள். எல்லிஸ் துரை 1818-ல் மிராசு பற்றி எழுதியதில் இரண்டு வகை சொல்கிறார். ஒரு வகை ஊரில் கழனியை நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டார்கள். இன்னொரு வகையில் பங்கு மட்டும் நிலை, கழனி சில வருஷத்துக்கு ஒரு முறை கைமாறும். கரையீடு என்பார்கள். இந்த இரண்டாம் வகை ஊரில் அப்பன் மகனுக்கு விட்டுப்போவது இன்ன கழனியை அல்ல, ஊரில் இத்தனை பங்கு என்ற உரிமையை. தலைமடையிலேயே ஒரு குடும்பம் குந்திக்கொள்ள முடியாது. நல்ல ஏற்பாடுதான், பங்கு உள்ளவனுக்கு! பங்கோடு பண்ணையாளும் பரம்பரையாகத் தொடர்ந்தான். 1891-ல் கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதி, மறுவருஷம் அவர்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. ஏர் பிடித்தவனுக்கு நிலம் என்று சர்க்கார் யோசித்ததே அப்போதுதான்.

1949-ல் அம்பத்தூருக்கு டிஐ சைக்கிள் கம்பெனி வந்தது. பிறகு டன்லப், 1964-ல் தொழிற்பேட்டை. அண்ணன் ஷிப்டுக்குப் போனான், தம்பி கழனி பார்த்தான். தம்பிக்குப் பெண் கொடுக்கத்தான் யோசித்தார்கள்.

பிள்ளைகள் சேற்றில் இறங்க வெட்கப்பட்டதால் விவசாயம் செத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏரிப் பாசனத்தில் தனி ஆள் விவசாயம் கிடையாது. நடுக்கால்காரன் மனை போட்டு விற்றால் அவனோடு வாய்க்காலும் போகும். அதற்கப்பால் உள்ளவனுக்கு உழ ஆசையிருந்தும் சொர்ணவாரி இல்லை, நவரை இல்லை, மழையை நம்பி ஒரு சம்பா. அவனும் விற்பான். ஏரி இன்னும் இருக்கிறது, அதை நம்பி நட்ட கழனிதான் இல்லை.

பெண்பிள்ளைகள் கணக்கில் வந்தது இந்தச் சமயத்தில். கழனியாக இருந்தவரை அவர்களிடம் யாரும் கையெழுத்து கேட்டதில்லை. மனையானதும் வாங்குகிறவரின் வக்கீல் கேட்டார். உடனே அண்ணன் தம்பிகள் அக்கா தங்கை வீட்டுக்குப் பழத்தட்டோடு போனார்கள், விடுதலைப் பத்திரத்துக்கு.

அயப்பாக்கம் பக்கத்துக் குடும்பம் ஒன்று 1997-ல் என்னிடம் வந்தது. பூர்வீக நிலம் 3 ஏக்கர், அதாவது 300 செண்ட். அப்பா 1994-ல் இறந்திருந்தார். அம்மா, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன்களுக்கு 120, 120. அம்மாவுக்கும் மகள்களுக்கும் தலா 20 என்று கணக்கோடு வந்திருந்தார்கள். எனக்குத் தேவைப்பட்டது கல்யாணத் தேதிகள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சமபங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25 முதல் அமல். அதற்கு முன் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அந்தச் சமபங்கு கிடையாது. அக்காவுக்கு 1985-ல் கல்யாணம், தங்கைக்கு 1991-ல். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். மகன்களோடு சமமாகத் தங்கைக்கு 90 செண்ட். அம்மாவுக்கும் அக்காவுக்கும் தலா 15. பெண்ணுக்கு நியாயம் செய்ய வந்த சட்டத்தில் அக்காவுக்கு 5 செண்ட் குறைந்தது.

“நாத்து நட்டவ நானு சார். அவ இஸ்கூலுக்குப் போயிட்டிருந்தா” என்றார் அக்கா. தங்கை மறுத்துப் பேசவில்லை. தன் பங்கையும் விடவில்லை. அண்ணன்மார் இரண்டு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். பிறகு அந்தக் கணக்குப்படியே பாகப்பிரிவினை எழுதிப் பதிவானது.

2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியச் சட்டம் அந்தக் கல்யாணத் தேதிக் கணக்கை எடுத்தது. பேப்பரில் பார்த்துவிட்டு அக்கா வந்தார். அதே சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு: 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையைத் தொட முடியாது. அதை அவருக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். “அந்தப் பத்திரத்த எழுதுனதும் நீங்கதான சார்” என்று கேட்டுவிட்டுப் போனார்.