சங்கடப்படலை

சங்கடப்படலை என்பது யாழ்ப்பாணத்து வீட்டு வளவின் தெருவாசலில், படலைக்கு மேலே சிறு கூரை போட்டு, இரு பக்கமும் திண்ணையோ வாங்கோ வைத்துக் கட்டப்படும் நுழைவாயில். வீட்டாருக்கு இது வாசல். தெருவால் போகிறவருக்கு வெயிலிலும் மழையிலும் ஒதுங்க ஓர் இடம். சில வாசல்களில் வழிப்போக்கருக்காகத் தண்ணீர்ப் பானையும் வைக்கப்பட்டது. அரியாலை போன்ற பழைய ஊர்களில், வீட்டுப் பழைய மரத்தைப் பயன்படுத்திக் கட்டத்தக்க சிறு கட்டடங்களில் சிறந்தது இதுவே.

யாழ்ப்பாணத்து வேலியின் திறப்புகளை வகைப்படுத்திப் பார்த்தால் இதன் இடம் விளங்கும். அயல்வீட்டுக்குப் போய்வர வேலியில் விடும் சிறு இடைவெளி பொட்டு. ஆள் கடக்கவும் மாடு புகாதிருக்கவும் அமைப்பது கண்டாயம். மட்டையாலோ பலகையாலோ தகரத்தாலோ செய்து, திறந்து மூடுவது படலை. இம்மூன்றும் வளவுக்குள் வருபவரை மட்டுமே கருதியவை. சங்கடப்படலையோ உள்ளே வராமலே போகிறவரையும் கருதியது. ஆகவே திண்ணையோ வாங்கோ இல்லாமல் கூரை மட்டும் போட்ட வாயிலை இவ்வகையில் சேர்ப்பது பொருந்தாது. கூரையைக் கொண்டும் இதைப் பிரிக்கலாம்: பனையோலையோ கிடுகோ வேய்ந்தது, பீலியோடு போட்டது, தட்டையோடு போட்டது. கிறித்தவ மிஷனரி அமைப்பான பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அவ்வகைத் தட்டையோடுகள் கடல்வழியே வந்துசேர்ந்தபின் வசதியுள்ள வீடுகள் தட்டையோட்டுக்கு மாறின.

இவ்வாயில் கேரளத்தில் படிப்புரை எனப்படும் கூரையிட்ட நுழைவாயிலின் உறவுடையது; ஒல்லாந்தரின் வாயில்களோடு சேர்ந்ததல்ல. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கல்லால் வளைவு வாயில்கள் கட்டினர். சங்கடப்படலையில் வளைவே கிடையாது. தூணும், வளை என்ற உத்தரமும், சரிவாக இறங்கும் கைமரமுமே அதன் உடல்.

மரங்களில் முதலிடம் பனைக்கு. முற்றிய பனையின் வெளிப்புறம் கறுத்து வைரமேறியிருக்கும். உள்ளே மென்மையான சோறு. சோற்றை நீக்கிய வைரப்பகுதி, நனையாமல் கூரையின்கீழ் இருந்தால் தலைமுறைகள் நிற்கும். பழைய வீடுகளின் மரவேலை கழுந்தும் துளையுமாகப் பூட்டி மர ஆணி அடித்துச் செய்யப்பட்டது. அதனால் வீட்டைப் பிரித்தாலும் வளையும் தீராந்தி என்ற குறுக்கு உத்தரமும் சிதையாமல் கழன்று வரும். வன்னியிலிருந்து வந்த முதிரை, பாலை மரங்களில் செய்த நிலைகளும் அப்படியே.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்துக்கு அரியாலையூடாக ஓடிய ரயில் 1990இல் நின்றபின், தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் அவ்வாறே போயின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பெருந்திரளான சனம் அரியாலையைக் கடந்து, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அரியாலையின் கிழக்குப் பகுதி போர்முனையாயிற்று. ஆகவே இடிந்த வீட்டில் எஞ்சிய ஒரு வளைக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. இன்று பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பதால் அந்த மதிப்பு கூடியிருக்கிறது.

பழைய மரத்தால் சங்கடப்படலை கட்டும்போது முதலில் பழைய இரும்பாணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்க வேண்டும். தப்பிய ஆணி வாளின் பல்லை உடைத்துவிடும். சுவருக்குள் இருந்த நுனிகள் உக்கியிருக்கும். அவற்றை வெட்டிவிட்டு, செல்லரித்த இடத்தை வாய்ச்சியால் செதுக்கி, தட்டிப் பார்த்துக் கணீரென்ற துண்டுகளைத் தூணுக்கு எடுப்பர். தூணை மண்ணில் புதைப்பது பெரும்பிழை. சுண்ணக்கல்லாலோ கொங்கிறீற்றாலோ ஆன பீடத்தில் நிறுத்தினால்தான் கறையான் ஏறுவது உடனே கண்ணில் படும். ஆள் நிமிர்ந்து நடக்க 7 அடி உயரமாவது வேண்டும். தூண்களின் தலையில் வளை ஏற்றி, குறுக்கே தீராந்தி பூட்டி, முகட்டுவளையிலிருந்து கைமரம் இறக்கி, அதன்மேல் குறுக்கே சிலாகை அடிப்பர். பழைய துளைகள் புதிய இடத்துக்குப் பொருந்தாவிட்டால் மரக்கட்டை அடித்து அடைக்க வேண்டும். திறந்து கிடக்கும் துளையில் தண்ணீர் தேங்கி மரம் உள்ளிருந்தே உக்கும். இறவாரம் திண்ணைக்கு வெளியே நீள வேண்டும். இருப்பவரின் முழங்கால் நனைந்தால் கூரை போட்டுப் பயனில்லை. பிறகு வேப்பெண்ணெய் பூசுவர்.

மதிலும் இரும்புக் கேற்றும் பரவியபின் வீடுகளில் சங்கடப்படலை அருகிவிட்டது. விடுதிகளும் உணவகங்களும் இதை அலங்காரமாகப் புதிதாகக் கட்டி வருகின்றன.