ஐவரும் ஔவையும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடைகளில் தொங்கும் அரிச்சுவடிப் படங்கள் அம்மா, ஆடு, இலை, ஈ என்று சாதுவாகத்தான் தொடங்குகின்றன. ‘ஐ’ வந்ததும் ‘ஐவர்’ என்று ஐந்து ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். மூன்று கட்டம் தள்ளி, ‘ஔ’வுக்குக் கோலூன்றிய ஔவை. இரண்டையும் உடன்பிறந்தார் கதைகளாகவே நான் வாசிக்கிறேன்.

எழுத்து வரிசையில் குரூர நகைச்சுவை சொல்வது மேற்கில் பழகிய வகை. எட்வர்ட் கோரி 1963இல் வெளியிட்ட ‘தி காஷ்லிகிரம்ப் டைனீஸ்’ படநூலில் 26 ஆங்கில எழுத்துகளுக்கும் ஆளுக்கொரு குழந்தை சாகிறது. நம் படத்தில் சாவு கட்டத்துக்கு வெளியே நடக்கிறது.

ஐவரை எங்கள் வட்டாரம் கூத்தில் அறியும். செஞ்சிக்கு அருகே மேலச்சேரி தொடங்கி ஊர்தோறும் திரௌபதி அம்மன் கோயில்கள். சூதாட்டத்தில் அண்ணன் தம்பிகளை ஒவ்வொருவராகப் பணயம் வைத்துத் தோற்கிறான். தன்னையும் தோற்றபின் மனைவியை வைக்கிறான். கட்டியக்காரன் கேலி செய்ய, கூட்டம் சிரிக்கிறது. எதிரணியில் நூறு அண்ணன்மார். அவர்களுக்கு ஒரே தங்கை துச்சளை. அவள் கணவன் சயத்ரதனை அர்ச்சுனன் கொன்றான். அண்ணன்மாரும் களத்தில் மாண்டார்கள். பங்காளிகள் நிலத்துக்காக நடத்திய போரில் அவளுக்குப் பங்கு உண்டா என்று எவரும் கேட்கவில்லை. இழப்பில் மட்டும் முழுப் பங்கு.

ஔவையின் கதையும் இருண்டதுதான். ஆதிக்கும் பகவனுக்கும் ஏழு பிள்ளைகள். பெற்ற இடத்திலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும் என்பது பகவனின் நிபந்தனை. பிள்ளைகள் வெவ்வேறு சாதியார் வீடுகளில் வளர்கிறார்கள். இது வரலாறு அன்று, தொன்மம். சங்க கால ஔவையும் ஆத்திசூடி ஔவையும்கூட வேறுவேறு காலத்தவர்கள். ஆனால் யாரை நினைவில் வைத்தோம் என்பது வரலாறு. மூன்று சகோதரர்களில் வள்ளுவருக்குக் குமரிமுனையில் 133 அடிச் சிலை. கபிலருக்குத் திருக்கோவிலூரில் பெண்ணையாற்றில் ஒரு குன்று. நான்கு சகோதரிகளில் ஔவைக்கு மட்டும் ஓர் எழுத்து. அதுவும், திருமணத்திலிருந்து தப்பப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிய பிறகு. உப்பை, உறுவை இருவருக்கும் ‘உ’தான் முதலெழுத்து. படத்தில் அந்த எழுத்து உரலுக்குப் போயிற்று.

படத்துக்கு வெளியே இந்தப் போட்டி பத்திரப்பதிவு அலுவலகத்தில் முடிகிறது. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்து தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்திருத்தம் 25.3.1989 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே மணமானவர்களை அது விலக்கியிருந்தது. 2005இன் மத்தியச் சட்டத்திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற பிரிவினையை நீக்கியது. ஆனாலும் அக்காவும் தங்கையும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட வரவழைக்கப்படுகிறார்கள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் வராது என்ற அச்சம் அவர்களை அழைத்து வருகிறது. அண்ணன் மிரட்ட வேண்டியதுகூட இல்லை; “நம்ம தங்கச்சியா கேக்கப் போவுது?” என்று பெருமையாகச் சொன்னால் போதும்.

அ முதல் ஃ வரை கற்ற பெண்ணின் எழுத்து, அவள் பங்கை விட்டுக்கொடுக்கும் கையெழுத்தாக அங்கே பயன்படுகிறது. ஆகவே என் மாணவிகளிடம் சொல்வது ஒன்றுதான்: பாசத்தை மறுக்க வேண்டாம். பத்திரத்தை மட்டும் எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.