பாதை மாறினால் வேகம் கூடுமா?

அவிசாவளையிலிருந்து குருவிட்ட வழியாக இரத்தினபுரிக்கு 1912ஆம் ஆண்டில் புகையிரதம் வந்தது. இரண்டரை அடி அகலமே கொண்ட ஒடுங்கிய பாதை அது. அகலப் பாதையின் பெட்டி அதில் ஓடாது. சரக்கை இறக்கி, மறு பெட்டியில் ஏற்றவேண்டும். 1976இல் அப்பாதையில் போக்குவரத்து நின்றுபோயிற்று. எனினும், கணினியின் வரலாற்றை விளக்க அது நல்லதோர் உவமை.

கணினிப் பொறியை இயந்திரம் என்று கொண்டால், விண்டோஸ், லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமைகள் அது ஓடும் பாதைகள். விளையாட்டுகள் அது இழுத்துச் செல்லும் வண்டிகள். பாதையை மாற்றினால் வண்டி விரைந்தோடுமா? புதிய பொறி வாங்க வசதியற்ற தோட்டத்து இளைஞருக்கு இது வீண் ஆராய்ச்சியன்று. லினக்ஸ் இலவசமாகக் கிடைப்பது. புதிய பொறியோ பல மாதச் சம்பளத்தை விழுங்குவது.

1993இல் வெளிவந்த ‘டூம்’ என்னும் விளையாட்டு, டொஸ் முறைமைக்கென எழுதப்பட்டது. அக்காலத்தில் விண்டோஸ், விளையாட்டுக்கும் பொறிக்கும் இடையே நிற்கும் தடையென்றே பலர் கருதினர். அத்தடையை நீக்க, 1995இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் ‘டைரக்ட்எக்ஸ்’ என்னும் இணைப்பு முறையை வகுத்தது. அதன்பின் விளையாட்டுகள் பெரும்பாலும் விண்டோஸுக்கே எழுதப்பட்டன.

பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடக்கிய லினக்ஸுக்கு அவ்விளையாட்டுகள் அந்நிய வண்டிகளாயின. அவற்றின் கட்டளைகளை மொழிபெயர்த்து ஓடச்செய்யும் ‘வைன்’ என்னும் முயற்சி 1993இல் தோன்றிற்று. இதுவே சரக்கை இறக்கி ஏற்றும் வேலை.

2012இல் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஒரு சோதனை நிகழ்த்திற்று. ‘லெஃப்ட் 4 டெட் 2’ என்னும் விளையாட்டு, விண்டோஸில் விநாடிக்கு 270.6 படங்களைக் காட்டியது. அதே பொறியில், லினக்ஸில் முதன்முதல் ஓடியபோது காட்டியவை ஆறே படங்கள்! பொறியாளர் நிரலைத் திருத்தினர். வரைவியல் செலுத்திகளைச் சீராக்கினர். முடிவில் 315 படங்கள் கிடைத்தன. அங்கே கற்றதைக்கொண்டு விண்டோஸிலும் இணைப்பு முறையை மாற்றியபோது, அதுவும் 303.4 ஆக உயர்ந்தது. இடைவெளி ஏறக்குறைய 44இலிருந்து 12ஆகச் சுருங்கிற்று. ஆகவே, ஆறு 315 ஆனது பாதையின் பெயரால் அன்று, உழைப்பால்.

அந்நிறுவனம் வைனை அடிப்படையாகக்கொண்டு 2018இல் ‘புரோட்டன்’ என்பதை வெளியிட்டது. 2022இல் லினக்ஸில் இயங்கும் கையடக்கப் பொறியையும் விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று சில விளையாட்டுகள் லினக்ஸில் விரைந்தோடுகின்றன, சில மந்தமாகின்றன. ஏமாற்றுவோரைத் தடுக்கும் காவல் நிரல் பூட்டிய சில விளையாட்டுகளோ அங்கே திறக்கவும் மாட்டா.

வரைவியற் பொறி நலிந்ததாயின், எம்முறைமையும் அதற்குப் புதுவலு தராது. நினைவகம் குறைந்த பழைய கணினியில், பின்னணி வேலைகள் குறைந்த முறைமை சிறிது இடம் மிச்சப்படுத்தலாம், அவ்வளவே. பழையதை அழிக்காமல் புதியதையும் அருகே நிறுவி, தாம் விரும்பும் விளையாட்டையே இரண்டிலும் ஓட்டி அளந்து பார்ப்பவர் ஏமாறார்.