மொழிக்குடும்பப் பெயரும் இனப் பாகுபாடும்

1. முன்னுரை

மனித இனப் பாகுபாடு இயற்கையில் அமைந்ததா, சமுதாயம் படைத்துக்கொண்டதா என்னும் வினா உயிரியலுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் அப்பாகுபாட்டிற்கு வேண்டிய பெயர்களுள் முதன்மையானவற்றை வழங்கியது மொழியாராய்ச்சியே. மொழிக்குடும்பத்தின் பெயர் உடல்வகையின் பெயராக மாறிய வரலாற்றையும், அம்மாற்றம் மொழிபெயர்ப்பாளருக்கு விட்டுச்சென்ற இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மொழியிலிருந்து உடலுக்கு

சென்னையில் கலெக்டராகப் பணியாற்றிய எல்லிஸ், காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்திற்கு 1816இல் எழுதிய ஆய்வுரையில், தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று வேர்ச்சொற்களைக் கொண்டு நிறுவினார். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இக்குடும்பத்திற்குத் 'திராவிட' என்னும் பெயரைச் சூட்டினார். இருவர் காட்டிய சான்றுகளும் மொழியியற் சான்றுகளே. ஆயினும் கால்டுவெல் தம் நூலின் பிற்சேர்க்கையில் திராவிடரின் உடலமைப்பையும் ஆராயப் புகுந்தார். மொழியின் பெயர் மக்களின் உடல்மீது ஏறுவதற்கு அது வழிவகுத்தது.

'ஆரிய' என்னும் சொல்லுக்கும் இதுவே நேர்ந்தது. அச்சொல் மொழியைக் குறிப்பதேயன்றி இரத்தத்தையோ மண்டையோட்டையோ குறிப்பதன்று என்று மாக்ஸ்முல்லர் 1888இல் வற்புறுத்தினார். அவ்வெச்சரிக்கை பயன் தரவில்லை. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி அதன் நீளத்தால் வகுத்துப் பெறும் எண்ணை இனத்தின் அளவுகோலாகக் கொண்டார். அவர் வகுத்த ஏழு உடல்வகைகளுள் ஐந்தின் பெயர்களில் 'ஆரிய' அல்லது 'திராவிட' என்னும் சொல் அமைந்துள்ளது. அவர் அளந்தது மூக்கை. வைத்த பெயரோ மொழி நூலிலிருந்து பெற்றது. இதன் முரண் வெளிப்படையானது. இந்தோ-ஆரிய மொழிகளாகிய மராத்தியையும் வங்காளியையும் பேசுவோர் முறையே 'சிதிய-திராவிடர்', 'மங்கோல-திராவிடர்' என வகைப்படுத்தப்பட்டனர்.

3. உயிரியல் காட்டுவது

இரத்த வகைகள், புரதங்கள் ஆகியவற்றைக் கொண்டு 1972இல் ஆராய்ந்த லெவோன்டின், மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கட்குழுவிற்குள்ளேயே காணப்படுவதையும், 'இனங்கள்' எனப்பட்டவற்றிற்கு இடையே உள்ளது ஏறத்தாழ 6 விழுக்காடே என்பதையும் காட்டினார். மூதாதையர் வழி வரும் மரபணு வேறுபாடுகள் உண்மையே. ஆனால் அவை இடத்திற்கு இடம் படிப்படியாக மாறுவனவன்றி எல்லைக்கோடுகளாக அமைவனவல்ல.

மொழியும் மரபணுவும் ஒருவழிப்பட்டும் செல்வதில்லை. பலூசிஸ்தானில் வழங்கும் பிராகுயி திராவிட மொழியாகும். அதனைப் பேசுவோர் மரபணுக் கூறுகளில் அண்டையிலுள்ள பலூச்சியரை ஒத்துள்ளனர். இந்தியாவின் 25 குழுக்களை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, அவற்றுட் பெரும்பாலானவை இரு தொன்மூலங்களின் கலப்பு என்று கண்டது. அம்மூலங்களுக்குத் 'தொல் வட இந்தியர்', 'தொல் தென்னிந்தியர்' எனத் திசை சார்ந்த பெயர்கள் இடப்பட்டன. மொழிக்குடும்பப் பெயர்கள் இடப்படவில்லை.

4. 'இனம்' என்னும் சொல்

தமிழில் 'இனம்' என்பது பழங்காலத்தில் ஒத்தவற்றின் கூட்டத்தையே குறித்தது. வல்லினம், மெல்லினம் என்பன ஒலிவகைகள். திருக்குறளின் 'சிற்றினம் சேராமை' என்னும் அதிகாரத் தலைப்பில் அது தீயோர் கூட்டத்தைச் சுட்டும். அதே 'சிற்றினம்' இன்றைய பாடநூல்களில் உயிரியற் கலைச்சொல். இவ்வாறு நெகிழ்ந்த சொல்லின்மீது 'ரேஸ்', 'எத்னிக்', 'நேஷனல்' ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களின் பொருளும் ஏற்றப்பட்டுள்ளது.

இதன் விளைவு சட்டமொழியில் புலனாகும். 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்படிக்கை தேசியம், இனக்குழு, மரபினம், சமயம் ஆகியவற்றின் அடிப்படையிலான நால்வகைக் குழுக்களைத் தனித்தனியே பாதுகாக்கிறது. முதல் மூன்றையும் 'இனம்' என்றே பெயர்த்தால் சட்டம் பிரித்தவற்றை மொழிபெயர்ப்பு ஒன்றாக்கிவிடும். எனவே, உடற்கூற்றுப் பாகுபாட்டைக் குறிக்குமிடத்து 'மரபினம்' என்றும், பண்பாட்டு ஒருமையைக் குறிக்குமிடத்து 'இனக்குழு' என்றும், மொழியுறவைக் குறிக்குமிடத்து 'மொழிக்குடும்பம்' என்றும் வேறுபடுத்தி ஆளுதல் தகும்.

5. முடிவுரை

மனித இனப் பாகுபாடு உயிரியலின் கண்டுபிடிப்பு அன்று, மனிதர் வகுத்துக்கொண்டதே. எனினும் அதனைப் பொய்யென ஒதுக்கிவிட இயலாது. கணக்கெடுப்புப் பதிவேட்டிலும் சட்டத்திலும் ஏறிய பெயர் வாழ்க்கையையே மாற்ற வல்லது. மொழியியல் கொடுத்த பெயர் எவ்வெல்லைக்குள் பொருந்தும் என்பதைத் தெளிவுபடுத்தும் கடமையும் மொழியியலுக்கு உண்டு.