குவான்டைஸ்

‘எவ்வளவு’ எனப் பொருள்படும் ‘குவான்டஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். இயற்பியலின் குவாண்டமும் அதன் வழிவந்ததுதான். இசையில் இது எதைக் குறிக்கிறது என்று பார்க்க, வாசிப்பைப் பதியும் மிடி (MIDI) கோப்பிலிருந்து தொடங்கலாம். அதில் ஒலி இருப்பதில்லை. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார்கள், எப்போது விட்டார்கள் என்ற விவரம்தான் இருக்கும். ஒரு கால் நோட்டை 480 ‘டிக்’ எனும் நேரத் துளிகளாகப் பிரித்த கோப்பில், 480-இல் விழவேண்டிய விரல் 473-இலேயே விழலாம். காதுக்கு அது உயிர்ப்பு. ஆனால் அதை அப்படியே இசைக்குறியாக எழுதினால் தாள் முழுக்கப் பொடிநோட்டுகளும் மௌனக் குறிகளும் மண்டி, யாராலும் வாசிக்க முடியாது. அதனால் மியூஸ்ஸ்கோர் போன்ற இசைக்குறி மென்பொருள் 473-ஐ 480 என்று கொண்டு எழுதுகிறது. இந்த நகர்த்தலே குவான்டைஸ். தாளுக்கு மட்டும் செய்யுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள், வாசித்தவரின் கைநடை அதில்தான் இருக்கிறது. இதேபோல், நெடிலும் குறிலுமாக வாசிக்கும் ஜாஸின் ‘ஸ்விங்’ நடையையும் தாளில் சம எட்டாம் நோட்டுகளாக எழுதி, மேலே ‘ஸ்விங்’ என்று குறிப்பதே வழக்கம்.