தீபா கர்மாகர்

தீபா கர்மாகர் (பிறப்பு: 9 ஆகஸ்ட் 1993, அகர்தலா), ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. வால்ட் எனப்படும் தாண்டுமேசைப் பிரிவில் சிறந்து விளங்கியவர். இந்த விளையாட்டுக்குப் பாதகமான தட்டைப் பாதங்களுடன் பிறந்தவர். பயிற்சியாளர் பிஷ்வேஷ்வர் நந்தியிடம் நீண்டகாலம் பயின்றார்.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றார். இப்போட்டியின் ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அது. 2015 ஹிரோஷிமா ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியிலும் வெண்கலம் கிடைத்தது.

ரஷ்ய வீராங்கனை எலெனா புரோதுனோவாவின் பெயரால் வழங்கும் தாண்டலே தீபாவின் அடையாளம். மேசையில் கைகளை ஊன்றி எழும்பி, காற்றில் முன்னோக்கி இருமுறை குட்டிக்கரணமிட்டுக் காலூன்ற வேண்டும். சுழற்சி சற்றுத் தவறினாலும் கழுத்தோ முதுகெலும்போ முறியக்கூடும் என்பதால் உலகில் மிகச் சிலரே இதை முயன்றுள்ளனர். 2016இல் இதன் கடினத்தன்மை மதிப்பு 7.0. ரியோ ஒலிம்பிக் (2016) இறுதிச்சுற்றில் இதைச் செய்து, சராசரி 15.066 புள்ளிகளுடன் நான்காமிடம் பெற்றார். சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டெயின்கிரூபர் 15.216 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார், இடைவெளி 0.150 மட்டுமே. இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வரலாற்றில் பதக்கங்களைவிடப் பெரிதாக மதிக்கத்தக்க முடிவு இது.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் 2018இல் துருக்கியின் மெர்சின் உலகச் சவால் கோப்பையில் தங்கம் வென்றார். ஊக்கமருந்து விதிமீறலுக்காக 21 மாதத் தடை பெற்றார்; அது ஜூலை 2023இல் முடிந்தது. 2024 தாஷ்கண்ட் ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியில் தங்கம் வென்று, அவ்வாண்டு அக்டோபரில் ஓய்வு பெற்றார்.

விருதுகள்: அர்ஜுனா (2015), கேல் ரத்னா (2016), பத்மஸ்ரீ (2017).